நிழற்படமும் நிற உண்மையும்

(சங்கத்தின் நிழற்படக் கலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



நம்மினும் மூத்தோர் பலர் அமர்ந்திருக்கும் இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடித்திராத நாம் பேச எழுந்தது துணிவுதான். ஆயினும் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. படம் எடுப்பது எப்படி என்று நாம் சொல்ல வரவில்லை. எடுத்த படத்திலே நிறம் உள்ளபடி விழச் செய்வது எப்படி என்பதே நமது பேச்சு.

கைபேசி உள்ள இடமெல்லாம் இன்று கமரா உண்டு. கோயிற் கொடியேற்றம், கல்யாணம், வயல் விதைப்பு, பிள்ளையின் முதற்பல் எல்லாம் படமாகின்றன. அப்படங்களிலே வெள்ளை வேட்டி நீலமாய் நிற்பதையும், மணவறையில் மாப்பிள்ளை மஞ்சட்காமாலை கண்டவர் போல் வீற்றிருப்பதையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு, "கமரா சரியில்லை" என்று சொல்லி அப்பாற் போய்விடுகிறோம். கமரா பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரேயொரு சங்கதி தெரியாது. தன் முன்னே உள்ளவற்றில் வெள்ளை எது என்பது தெரியாது.

நமது கண்ணுக்கு அது தெரியும். நண்பகல் வெயிலிலே பார்த்த வேட்டியை இரவிலே குப்பி விளக்கின் அருகிற் பார்த்தாலும் வெள்ளையென்றே சொல்கிறோம். உண்மையில் விளக்கொளியில் அந்த வேட்டியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி செம்மஞ்சள். "இங்குள்ள ஒளியே மஞ்சள், ஆதலால் இந்த மஞ்சள் வேட்டியினுடையது அன்று" என்று மூளை நம்மைக் கேளாமலே கழித்துவிடுகின்றது. இக்கழித்தல் ஆளுக்கு ஆள் வேறுபடக்கூடும் என்பதை 2015 பெப்ரவரியில் உலகமே கண்டது. ஸ்கொத்லாந்தில் ஒரு திருமணத்தை ஒட்டி எடுக்கப்பட்ட ஓர் உடையின் படம் கைபேசிகளில் உலாவியது. பார்த்தவர்களுள் ஒரு சாரார் அதை வெள்ளையும் பொன்னும் என்றனர். மறுசாரார் நீலமும் கறுப்பும் என்றனர். ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வாதிட்டனர். அவ்வுடை நீலமும் கறுப்புமே. படத்திலிருந்து, அதன்மீது விழுந்த ஒளி எத்தகையது என்று ஊகிக்க முடியாமற் போனமையாற் கண்கள் இரண்டு கட்சியாயின.

இனி ஒளியின் நிறத்தை அளக்கும் வகையைப் பார்ப்போம். கொல்லன் உலையிலே இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. முதலில் இரும்பு சிவக்கும். மேலும் காய்ச்ச மஞ்சளாகும். இன்னும் காய்ச்ச வெண்மையாய் ஒளிரும். அதற்கும் அப்பாற் சூடேற்ற முடியுமானால் வெண்மையில் நீலம் கலக்கும். ஆகவே ஒளியின் நிறத்தை வெப்பநிலையாற் குறிக்கலாம் என்று பௌதிகவியலார் கண்டனர். அளவை கெல்வின். மெழுகுதிரியின் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். பழைய இழைக் குமிழ்விளக்கு 2700 அல்லது 2800. நண்பகற் சூரியன் 5500 அளவு. மரநிழல் 7000, 8000. முகிலற்ற நீலவானத்தின் ஒளி மட்டும் விழும் இடத்திலே 10,000க்கும் மேல். நிழலில் எடுத்த படத்தில் முகம் ஏன் நீலம் பாய்ந்து நிற்கிறது என்பது இப்போது விளங்கும். நிழலிலே சூரியன் இல்லை, வானமே விளக்கு.

இங்கே தொடக்கத்தில் எல்லாரும் இடறுவர். கமராவிலே வெண்சமநிலை என்றோர் அமைப்பு உண்டு; 'வைற் பலன்ஸ்' என்றோ 'டபிள்யூ.பீ.' என்ற இரண்டெழுத்தாகவோ குறிக்கப்பட்டிருக்கும். அதில் 3000 என்று வைத்தாற் படம் நீலமாகும். 8000 என்று வைத்தால் மஞ்சளாகும். தலைகீழாய் இருக்கிறதே என்று மயங்கவேண்டாம். நாம் வைக்கும் எண், படம் எப்படி வரவேண்டும் என்ற கட்டளையன்று. இங்குள்ள ஒளி இத்தகையது என்ற தகவல். "ஒளி 3000, மிக மஞ்சள்" என்று சொன்னால், கமரா அம்மஞ்சளைக் கழிக்க நீலத்தைக் கூட்டுகிறது. வெயிலில் நின்றுகொண்டு 3000 என்று சொன்னால் இல்லாத மஞ்சளைக் கழித்துப் படத்தை நீலமாக்கிவிடுகிறது.

நாம் ஒன்றும் சொல்லாதபோது என்ன செய்யும்? ஊகிக்கும். ஊகிக்கும் முறைகளுட் பழையது, காட்சியிலுள்ள எல்லா நிறங்களையும் கலந்தாற் சாம்பல் நிறம் வரவேண்டும் என்று கொள்வது. கடைவீதிக்கு அது பொருந்தும். பல நிறம் கலந்த இடம். இரணைமடுக்குளத்து நீர் பாயும் காலபோக வயலுக்குப் பொருந்துமா? கண்ணுக்கெட்டிய வரை பச்சை. கமரா அதைக் கண்டு, "ஒளியிற் பச்சை மிகுந்துவிட்டது போலும்" என்று எண்ணி ஊதாச் சிவப்பைச் சேர்க்கிறது. பயிர் வெளிறிப் போகிறது. செம்பட்டுச் சாத்திய அம்மனுக்கு அருகிற் சென்று எடுத்தால், சிவப்பைக் கழிக்கப்போய்ப் பட்டு மங்கி, பின்னுள்ள கருங்கல் பச்சை பாய்கிறது. இப்போதைய கைபேசிகள் முகம், வானம், புல் என்று இனங்கண்டு இதனினும் கூர்மையாய் ஊகிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். கூர்மையாக இருந்தாலும் ஊகம் ஊகமே.

வயலைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. இன்று கமக்காரர் பயிரிலே நோய் கண்டால் இலையைப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்குக் கைபேசியில் அனுப்புகின்றனர். நல்ல வழக்கம், பத்து மைல் பயணம் மிச்சம். ஆனால் நெல்லின் நோயும் குறைபாடும் பெரும்பாலும் நிறத்தினாலேயே பேசுகின்றன. நைதரசன் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் இளம் இலைகள் முதலில் மஞ்சளாகும். கபிலநிறத் தத்தி விழுந்த இடம் வட்டம் வட்டமாய்க் காய்ந்து கபிலமாகும். கமரா தானாகவே மஞ்சளையும் கபிலத்தையும் கூட்டிக் குறைத்து அனுப்பினால், மறுமுனையில் இருப்பவர் எதைக்கொண்டு தீர்ப்பார்? தேவையற்ற பசளை போடப்படும். அல்லது வேண்டியது போடாமல் விடப்படும். பசளையின் விலையைக் கமக்காரரிடம் கேட்டறிக.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை நிற அட்டையை இங்கு சிலர் கண்டிருப்பீர்கள். மஞ்சட்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கு பட்டைகள் உள்ள பிளாஸ்ரிக் துண்டு. முற்றாக விரிந்த மிக இளைய இலையை, பிய்க்காமல், அட்டைமேல் வைத்துப் பட்டையோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பத்து இலைகள் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அதற்குச் சொல்லப்பட்ட நிபந்தனைகளைக் கவனியுங்கள்: நேர்வெயில் படாமல் நமது உடம்பின் நிழலிலே வைத்துப் பார்க்கவேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், இயலுமானால் ஒரே ஆள் பார்க்கவேண்டும். கமரா ஒன்றும் இல்லாமல் வெறுங்கண்ணாற் பார்ப்பதற்கே இவ்வளவு நிபந்தனை! ஆகவே படம் அனுப்புவோர் அந்த அட்டையையே இலையோடு சேர்த்து ஒரே நிழலில் வைத்துப் படமெடுத்து அனுப்புவது மேல். படம் நீலம் பாய்ந்தால் இரண்டும் பாயும். ஒப்பீடு பெரும்பாலும் கெடாது. அட்டை இல்லையாயின் ஒரு வெள்ளைத் துண்டாவது பக்கத்தில் இருக்கட்டும்.

அவ்வெள்ளைத் துண்டு எதுவாயிருக்கலாம் என்பதே நிழற்படக் கலைஞனின் முதற் பாடம். வேட்டி தோதுப்படாது. நமது தாய்மார் சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. சவர்க்காரத் தூளிலுள்ள வெண்மையூட்டியும் சேர்ந்து, வெயிலின் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரை நீலமாக மாற்றிக் காட்டும். அப்பியாசக் கொப்பித் தாளுக்கும் அக்குறை உண்டு. திருநீறு என்று ஒரு நண்பர் சொன்னார். பக்தி நல்லதே; ஆனால் ஊருக்கு ஊர் நீற்றின் நிறம் வேறு! விற்பனைக்குள்ள சாம்பல் அட்டையே சிறந்தது. விழும் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பியனுப்புமாறு, எந்த நிறமும் ஏறாமற் செய்யப்பட்டது அது. வாங்க வசதியில்லாதோர் வானொலிப்பெட்டியோடும் தொலைக்காட்சியோடும் பெட்டிக்குள் வரும் ரெஜிபோம் துண்டை, பழுக்காத புதுத் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். குழாய் பொருத்துவோர் புரியிற் சுற்றும் வெள்ளை நாடாவைப் பல சுற்றாக அட்டையில் ஒட்டினாலும் ஆகும்.

அதை எங்கே பிடிப்பது? கமராவின் பக்கத்தில் அன்று; படம் பிடிக்கப்படுபவரின் முகத்தருகே, அவர்மீது விழும் அதே ஒளியில். முதலில் அட்டையோடு ஒரு படம். பிறகு அட்டையை நீக்கிவிட்டு வேண்டிய படங்கள். ஒளி மாறினால் மறுபடியும் அட்டை. கமராவில் "இதுவே வெள்ளை" என்று காட்டிக்கொடுக்கும் வசதி இருந்தால் அங்கேயே காட்டலாம். இல்லையேல் 'றோ' என்னும் கோப்பாகச் சேமித்து வீட்டிற் கணினியிலே திருத்தலாம். றோ என்பது பச்சையரிசி. 'ஜேபெக்' என்பது சோறு. அரிசியைச் சோறாக்கலாம், மாவாக்கலாம். சோற்றைத் திரும்ப அரிசியாக்க இயலாது. கணினியில் திருத்துவோர் மாலையிலே திரையை மஞ்சளாக்கும் 'இரவு ஒளி' அமைப்பை நிறுத்திவிட்டுத் திருத்துக. மஞ்சட் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறம் பார்ப்பதற்கு அது சமம்.

ஒரே வெண்சமநிலைக்கு அடங்காத இடங்களும் உண்டு. சன்னலால் வரும் பகலொளி ஒரு பக்கமும் குமிழ்விளக்கு மறுபக்கமுமாக ஒரு முகத்தில் விழுந்தால் எந்த எண்ணை வைத்தும் பயனில்லை. பாதி நீலம், பாதி மஞ்சள். ஒன்றை அணைத்துவிட வேண்டும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் சிலவற்றிலே சிவப்பு போதாமையால், வெள்ளை சரியாய் வந்தாலும் உதடும் குங்குமமும் செத்துப்போகும். அதற்கு வேறு விளக்குத்தான் மருந்து. பச்சை நிழல்வலைப் பந்தலின் கீழ் முகம் பச்சை. நீலத் தறப்பாளின் கீழ் வாழ்ந்த ஆண்டுகளை அறிந்தோருக்கு அந்த நீலத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கிரவல் வீதியில் நண்பகலில் நிறுத்தி எடுத்தால், சிவந்த நிலத்திலிருந்து எழும் ஒளி நாடியின் கீழே செம்மை பூசும். பந்தலை விட்டு வெளியே, வீட்டின் வெண்சுவர் நிழலுக்கு ஆளை அழைத்துவருவது ஆயிரம் திருத்தங்களுக்கு ஈடாகும்.

இவ்விடத்தில் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1921இல் கப்பலில் இந்தியா திரும்பும்போது, கடல் நீலமாய்த் தோன்றுவது வானத்தின் பிரதிபலிப்பால் மட்டுமே என்ற கொள்கையை அவர் ஐயுற்றார். நிக்கல் அரியம் ஒன்றைக் கண்ணிலே பிடித்து, நீர்ப்பரப்பிலிருந்து தெறிக்கும் வான்பளபளப்பை அடக்கிவிட்டுப் பார்த்தார், நீலம் அகலவில்லை. கடல்நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று துணிந்தார். நிழற்படக் கலைஞர் கமராவின் முன்னே மாட்டும் முனைவாக்கு வடிகட்டி அதே வேலையைத்தான் செய்கிறது. முல்லைத்தீவுக் கடலிலோ பளபளக்கும் பாலை இலையிலோ அதைச் சுழற்றிப் பாருங்கள். மேற்பளபளப்பு விலக உள்ளிருக்கும் நிறம் வெளிவரும்.

இவ்வளவும் கேட்டபின், வெள்ளையை எப்போதும் வெள்ளையாக்கியே தீரவேண்டும் என்று இளைஞர் எண்ணிவிடக் கூடாது. வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் சென்று, கடல்நீரில் விளக்கெரியும் அந்த மரபை நினைத்துக்கொண்டு இரவில் நிற்கிறோம். சுற்றிலும் தீபமும் கற்பூரமும். அச்சுடரின் பொன்னை 1900 என்று சொல்லிக் கழித்துவிட்டால், படத்திலே மருத்துவமனை வெளிச்சத்தில் மக்கள் நிற்பார்கள்! அங்கே ஒளியின் மஞ்சள் நிகழ்ச்சியின் பாகம். வட்டுவாகற் பாலத்தில் நின்று நந்திக்கடலின் மேல் அந்தியைப் படமெடுப்போரும் தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு 5500இல் வைப்பது நல்லது. அந்திச் செம்மையைத் தவறென்று எண்ணித் திருத்தும் கமராவை நாம் ஏன் பின்பற்றவேண்டும்? இலைக்கும் ஆவணத்துக்கும் ஒரு நீதி; தீபத்துக்கும் அந்திக்கும் வேறு நீதி.

மனிதரின் தோலுக்கு எந்த நீதி? இதைச் சற்று உரக்கவே சொல்ல விரும்புகிறோம். கொடக் கொம்பனி தனது பிலிமைக் கழுவும் நிலையங்களுக்கு 1950களிலிருந்து ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர். 'சேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அப்பெண்ணின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுத்த மக்களின் முகம் படத்தில் விபரமின்றி இருண்டபோது அதிகம் பேர் கவலைப்படவில்லை. சொக்லேற்றும் மரத்தளபாடமும் விளம்பரத்திற் சரியாக வரவில்லை என்று வியாபாரிகள் முறையிட்டதே கபில நிறங்களைத் திருத்தத் தூண்டிற்று என்று அக்கொம்பனியிற் பணிபுரிந்தோர் பின்னாளிற் கூறியுள்ளனர். பல இனப் பெண்கள் உள்ள அட்டை 1990களிலேயே வந்தது. கறுத்த தோலையும் உள்ளபடி காட்டுவதாகச் சொல்லிக் கூகுள் தனது கைபேசிக்கு ஓர் அமைப்பை வெளியிட்டது 2021இல். இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

வெளியார் செய்தது அது. நாம் செய்வது யாது? கல்யாணப் பேச்சுக்கு அனுப்பும் படத்திலே பெண்ணை இரண்டு படி வெளுப்பாக்கித் தரும்படி நாமே கேட்கிறோம். கேளாமலே செய்துதரும் ஸ்ரூடியோக்களும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நேரிற் பார்த்தபோது எழும் சங்கடம் அந்தப் பெண்ணின் தலையிலே விழுகிறது. படத்தை மாற்றியவர் தலையில் அன்று. நாம் பயின்ற மிஷன் பாடசாலைச் சுவரிலே யேசுநாதர் பொன்னிறக் கேசத்தோடு தொங்கினார். கோயில் வீதிக் காலண்டரிலோ அம்மன் ரோஜா நிறம். கார்மேக வண்ணனைப் பாடுகின்ற சமூகம் கருமையைப் படத்தில் அழிக்கிறது!

கறுத்த முகத்தை நன்றாய் எடுக்கும் வழி வெளுக்கச் செய்வதன்று. போதிய ஒளி கொடுப்பது. வெள்ளை வேட்டியும் பிரகாசமான வானமும் பின்னே இருந்தால் கமரா அவற்றுக்காக ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருளும். கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டுக. பக்கத்திலே ஒரு வெள்ளைச் சீலையைப் பிடித்து ஒளியைத் திருப்பிவிடுக. 'அழகூட்டும்' அமைப்பை நிறுத்துக. சாம்பல் அட்டையைக் காட்டுக. அப்போது தோலின் செம்மையும் கருமையும் தாமே வரும். எந்தப் பெண்ணும் அப்படத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. வெளுத்துத் தா என்று கேட்கும் பெரியோரிடம், "மாமி, பிள்ளை இப்பவே வடிவாய்த்தான் இருக்கிறாள்" என்று சொல்லுகின்ற துணிவு மட்டும் படமெடுப்பவருக்கு வேண்டும்.

கடைசியாகப் பழைய படங்கள். 2009 மே வரை நடந்த யுத்தத்திலும் அதற்கு முந்திய இடப்பெயர்வுகளிலும் வன்னிக் குடும்பங்கள் பல தம் அல்பங்களை விட்டுவிட்டு ஓடின. எஞ்சியது பலருக்கு ஒன்றிரண்டு படம். சிலருக்கு, வெளிநாட்டு உறவினருக்கு எப்போதோ அனுப்பிவைத்த பிரதி. அவை 1970களிலும் 80களிலும் அச்சிட்ட வர்ணப் படங்களாயின் பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். காரணம் இது: வர்ணத்தாளில் நீலப்பச்சை, ஊதாச்சிவப்பு, மஞ்சள் என மூன்று சாயப் படைகள் உண்டு. அக்காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம், பெட்டிக்குள் இருட்டில் இருந்தாலும், மற்றையவற்றினும் விரைவாக மங்கிற்று. வெப்பமும் ஈரமும் அதைத் துரிதப்படுத்தின. தறப்பாளிலும் மண்ணிலும் கிடந்த படத்துக்குக் கேட்கவா வேண்டும்?

இவற்றைப் பிரதி எடுக்கும்போது மரநிழலன்றி, திறந்த வெளியில் வெண்சுவர் நிழலில், பக்கத்திலே சாம்பல் அட்டையை வைத்து எடுக்கவேண்டும். எடுத்த முதற்கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியிலே திருத்துக. தலைமயிரின் கருமை, நெற்றி நீறு, பள்ளிச் சட்டையின் வெள்ளை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு செம்மையைக் குறைக்கலாம். ஆனால் இது வெண்சமநிலைத் தவறு அன்று, சாயமே போய்விட்டது. வெளிச்சப் பகுதியில் ஓரளவும் இருட்பகுதியில் வேறளவும் போயிருக்கும். ஆகவே முழுமையாய் மீளாது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியிலே பளிச்சென்று வர்ணம் தீட்டித் தருகின்றன. அம்மாவின் சேலைக்கு அவை தரும் நிறம் அம்மாவின் சேலை நிறம் அன்று. எங்கோ பார்த்த ஆயிரம் சேலைகளின் நிறம். அதை வீட்டுச் சுவரில் மாட்டினால் பேரப்பிள்ளைகள் அதையே உண்மையென்று கொள்வர்.

ஆதலால் சங்கத்திற்குப் பழைய படம் கொண்டுவரும் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தின் பின்புறத்தில் எழுதாதீர்கள், மை ஊறும். தனித்தாளில் எழுதித் தாருங்கள்: படத்தில் உள்ளவர் யாவர், எவ்வூர், எந்த ஆண்டு, எந்த வைபவம், சேலை என்ன நிறம், கரை என்ன நிறம், வீட்டுக் கதவுக்கு என்ன வர்ணம் பூசியிருந்தது. இருவர் வேறு வேறு நிறம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். இளைஞர்கள் அந்நிறத்தைப் படத்திற் பூசவேண்டாம். அத்தாளையும் படமெடுத்துப் பிரதியோடு சேர்த்தே வைக்கட்டும். அடுத்த வகுப்புக்கு வருவோர் ஆளுக்கொரு ரெஜிபோம் துண்டு கொண்டுவருக; எண்பது வயதைத் தாண்டியவர்களின் படங்களை முதலில் எடுப்போம்.